வண்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னி: சிக்கினால் இறக்குவது எப்படி, சிக்காமல் வைப்பது எப்படி

கேள்வி இதுதான். காசிமேட்டிலிருந்து விடியற்காலையில் மீன் ஏற்றிக்கொண்டு மாதவரம் பக்கம் போகிற சின்ன லோடு வண்டி. மணலி போகிற வழியில் பின் டயர் பஞ்சர். ஸ்டெப்னி பாடிக்கு அடியில், வின்ச் (டயரை ஏற்றி இறக்கும் சுழல் கருவி) கேபிளில் தொங்குகிறது. கிராங்க் ராடை விட்டு எவ்வளவு சுற்றியும் டயர் இறங்கவில்லை. பஞ்சர் கடைக்காரர் வந்து கடப்பாறை போட்டு நெம்பி இறக்குவதற்குள் ஐஸ் கரைந்துவிட்டது. இப்படிச் சிக்கினால் என்ன செய்வது, இனிமேல் சிக்காமல் இருக்க என்ன செய்வது என்று தம்பி கேட்டிருக்கிறார்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் வின்ச் மட்டமான சரக்கு என்று நான் நினைக்கவில்லை. வண்டி வாங்கியதிலிருந்து அதை யாரும் இறக்கியே இருக்க மாட்டார்கள். முதல் தடவை இறக்குவது பஞ்சர் ஆன அன்றைக்கு என்றால், வடசென்னையில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். இன்னோவா மாதிரி கார்களிலும் ஸ்டெப்னி அடியில்தான் தொங்குகிறது. ஆனால் அந்தக் கார் மேல் மீன் தண்ணீர் ஊற்றுவதில்லை.

உங்கள் வண்டியில் நடப்பதைப் பாருங்கள். மீன் பெட்டிகளில் ஐஸ் கரைகிறது. அந்தத் தண்ணீரில் உப்பும் மீன் கழிவும் கலந்திருக்கும். அது பாடி பலகையின் இடுக்கு வழியாகவும் பின் கதவுக்குக் கீழேயும் ஒழுகி, நேராகக் கீழே இருக்கும் ஸ்டெப்னி மேல் விழுகிறது. டயர் படுத்த வாக்கில் இருப்பதால் டிஸ்கின், அதாவது டயர் மாட்டியிருக்கும் இரும்புச் சக்கரத்தின், குழிவில் அந்தத் தண்ணீர் தேங்கி நிற்கும். நடு ஓட்டையில்தான் கேபிளின் நுனியில் இருக்கும் தகடு உட்கார்ந்திருக்கிறது. இரும்பு மேல் இரும்பு, நடுவில் உப்புத் தண்ணீர். இதற்கு மேல் திருவொற்றியூர், எண்ணூர் கடற்கரை ஓரமாக ஓடினால் உப்புக் காற்று வேறு. அத்திப்பட்டு பக்கம் போய் வருகிற வண்டி என்றால் அனல் மின் நிலையச் சாம்பல் தூசியும் சேரும். அந்தத் தூசி கிரீஸோடு கலந்தால் வின்ச்சின் பல் சக்கரத்தில் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். வண்டியோடு வரும் புத்தகத்தில் போட்டிருக்கிற பராமரிப்புக் கணக்கு இந்த ஊர் உப்பை நினைத்து எழுதியது இல்லை.

அமைப்பைத் தெரிந்துகொண்டால் சிக்கல் எங்கே என்று தெரியும். பின்பக்கம் பம்பருக்கு மேலேயோ நம்பர் பிளேட் பக்கத்திலேயோ ஒரு ஓட்டை இருக்கும். அதில் நீளமான ராடை விட்டால் உள்ளே ஒரு குழாய் வழியாகப் போய் வின்ச்சின் தண்டில் மாட்டும். சுற்றினால் பல் சக்கரம் திரும்பி, உருளையிலிருந்து கேபிளோ சங்கிலியோ அவிழும். பெரும்பாலான வண்டிகளில் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம் சுற்றினால் டயர் இறங்கும். தரைக்கு வந்ததும் கேபிள் நுனியில் உள்ள தகடைச் சாய்த்து டிஸ்க் ஓட்டை வழியாக மேலே உருவிவிட்டால் டயர் தனியாக வந்துவிடும். சில வண்டிகளில் வின்ச்சே கிடையாது. ஒரு பக்கம் கீல் போட்ட இரும்புச் சட்டமும், மறுபக்கம் நீளமான போல்ட்டும் நட்டும் இருக்கும். அது இன்னும் எளிது. ஆனால் மரை துருப்பிடித்தால் அதுவும் அசையாது.

சரி, சிக்கிய டயரை எப்படி இறக்குவது? ராடைச் சுற்றும்போது கையில் என்ன தெரிகிறது என்று கவனியுங்கள். மருந்து அதைப் பொறுத்துத்தான்.

ராடு எந்தப் பாரமும் இல்லாமல் சும்மா சுற்றினால் அது தண்டில் மாட்டவே இல்லை. குழாயில் சேறு அடைத்திருக்கும், அல்லது பின்னால் யாராவது இடித்துக் குழாய் வளைந்திருக்கும். டார்ச் அடித்துப் பார்த்து, மெல்லிய கம்பியால் சேற்றை நோண்டி எடுத்துவிட்டு, ராடை உள்ளே அழுத்திக்கொண்டே மெதுவாகத் திருப்புங்கள். மாட்டும்போது கைக்குத் தெரியும். மாட்டியும் வழுக்குகிறது என்றால் தண்டின் முனை தேய்ந்துவிட்டது. அப்படியானால் வின்ச்சை மாற்றியே ஆக வேண்டும்.

ராடு கொஞ்சமும் திரும்பவில்லை என்றால் பல் சக்கரம் பிடித்திருக்கிறது. இந்த இடத்தில்தான் நம்ம ஆட்கள் ராடு மேல் பெரிய பைப்பைச் செருகி இரண்டு பேராகத் தொங்குவார்கள். வின்ச்சின் பல் நொறுங்க அது போதும். அதற்குப் பதிலாகத் துரு இளக்கும் ஸ்பிரேயைத் தண்டின் மேலும் உருளையின் பக்கவாட்டிலும் தாராளமாக அடியுங்கள். அவசரப்படாமல் கொஞ்ச நேரம் ஊற விட்டு, ஏற்றுகிற பக்கம் கொஞ்சம், இறக்குகிற பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி அசையுங்கள். ஏற்றுகிற பக்கம் முதலில் அசைவது பல தடவை நடக்கும். ஸ்பிரேயோ டீசலோ டயர் ரப்பரில் படாமல் ஒரு துணி போட்டு மறைப்பது நல்லது, எண்ணெய் ரப்பருக்கு ஆகாது. நட்டு கழற்றும் இம்பாக்ட் கன் மெஷினைப் போட்டுச் சுற்றுவதும் வேண்டாம்.

மூன்றாவது வகைதான் உங்களுக்கு நடந்தது என்று நினைக்கிறேன். ராடு நன்றாகச் சுற்றுகிறது, கேபிளும் அவிழ்கிறது, டயர் மட்டும் மேலேயே நிற்கிறது. தகடு டிஸ்க் ஓட்டையோடு துருவால் ஒட்டி, டிஸ்கும் மேலே இருக்கும் தாங்கியோடு ஒட்டிப்போயிருக்கும். மூன்றில் ஆபத்தானது இதுதான். கேபிள் தளர்ந்துவிட்டதால் டயரைப் பிடித்துக்கொண்டிருப்பது துரு மட்டும்தான். எப்போது விழும் என்று சொல்ல முடியாது. அடியில் தலையையோ கையையோ விடவே கூடாது.

அந்த மாதிரி நேரத்தில் முதல் வேலை, கேபிளைத் திரும்ப முழுசாக மேலே ஏற்றுவது. சில பிக்கப் வண்டிகளில் கேபிள் அறுந்தாலும் டயர் ரோட்டில் விழாதபடி தாங்க இரண்டாவது கொக்கி ஒன்று உண்டு. அது விழுந்து மாட்டிக்கொண்டாலும் வெளியிலிருந்து பார்க்க இதே மாதிரிதான் தெரியும். முழுசாக ஏற்றி இறக்கினால் அது விட்டுவிடும். அப்படியும் வரவில்லை என்றால் கேபிளை ஒரு சாண் அளவுக்கு மட்டும் தளர்த்துங்கள். வண்டிக்கு வெளியே, பக்கவாட்டில் நின்று, நீளமான மரக்கட்டையை டயரின் ஓரத்தில் கொடுத்து இடியுங்கள். ஒரு இடத்திலேயே இடிக்காமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி இடித்தால் ஒட்டு விடும். ஒரு சாண்தான் தளர்த்தியிருப்பதால் டயர் பொத்தென்று தரையில் விழாது, கேபிளில் நிற்கும்.

எதுவும் நடக்கவில்லை என்றால் டயருக்கு அடியில் பலகை வைத்து, அதன் மேல் ஜாக்கி வைத்து, டயரின் பாரத்தை ஜாக்கி தாங்கும்படி செய்யுங்கள். வின்ச்சைச் சேசிஸ் குறுக்குச் சட்டத்தில் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றினால் வின்ச்சும் டயரும் சேர்ந்து இறங்கும். அந்தப் போல்ட்டும் அசையாவிட்டால் ஹாக்ஸா பிளேடாலோ கேபிள் கட்டராலோ கேபிளை அறுக்கலாம். கேபிள் போனால் போகட்டும், புதுசு போட்டுக்கொள்ளலாம்.

கேஸ் கட்டிங் மட்டும் வேண்டவே வேண்டாம். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் பக்கம் நின்றுவிட்டால் கூப்பிட்ட குரலுக்கு கட்டிங் டார்ச்சோடு ஆள் வருவார். ரெண்டு நிமிஷ வேலை என்பார். காற்று நிரம்பிய டயரின் டிஸ்கைச் சூடாக்கினால் உள்ளே ரப்பர் சூட்டில் சிதைந்து வாயு உண்டாகி டயர் குண்டு மாதிரி வெடிக்கும். தீயை எடுத்து வைத்த பிறகுகூட வெடிக்கலாம். எரிபொருள் டேங்க், பிரேக் குழாய் எல்லாம் பக்கத்தில் இருப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

டயர் இறங்கினாலும் வெளியே வராத இன்னொரு சங்கடம் உண்டு. பின் டயர் காற்று இறங்கி, மேலே லோடும் இருந்தால் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்துவிடும். ஸ்டெப்னி தரையைத் தொட்டுவிடும், ஆனால் பம்பருக்கு அடியில் நுழைந்து வெளியே வர இடம் இருக்காது. பாடி கட்டும் இடத்தில் பின்னால் கனமான இரும்புக் குழாயை வெல்டிங் வைத்திருந்தால் இன்னும் மோசம். அப்போது பஞ்சர் பக்கம் ஜாக்கி போட்டு, டயர் நழுவி வரும் அளவுக்கு மட்டும் தூக்குங்கள். அடியில் படுத்துக் கையால் இழுக்க வேண்டாம். ஐஸ் பாளம் இழுக்கும் கொக்கி உங்கள் வண்டியிலேயே கிடக்கும், அதை டிஸ்க் ஓட்டையில் மாட்டி வெளியில் நின்று இழுங்கள்.

எண்ணூர் விரைவுச் சாலை, மணலி விரைவுச் சாலை மாதிரி இடங்களில் கன்டெய்னர் லாரிகள் உரசிக்கொண்டு போகும். முடிந்த மட்டும் இடது ஓரமாக, ரோட்டை விட்டு ஒதுக்கி நிறுத்துங்கள். டயர் போனால் போகிறது என்று கொஞ்ச தூரம் உருட்டிப் போவது, லாரி உரசும் இடத்தில் உட்கார்ந்து நட்டு கழற்றுவதைவிட மேல். ஹசார்டு விளக்கு, பின்னால் முக்கோணப் பலகை, எதிர்ப் பக்கச் சக்கரத்துக்குக் கட்டை. ஓரம் மணலாக இருந்தால் ஜாக்கிக்கு அடியில் பலகை கட்டாயம். வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே ஒரு சுற்றுத் தளர்த்திவிட்டுப் பிறகு தூக்குங்கள். வெளியே எடுத்த ஸ்டெப்னியை மாட்டும் நேரம் வரைக்கும் சேசிஸுக்கு அடியில் படுக்கப் போட்டு வையுங்கள். ஜாக்கி சறுக்கினாலும் வண்டி அதன் மேல்தான் உட்காரும், உங்கள் கால் மேல் இல்லை. பஞ்சர் டயர் கழன்றதும் அதை அடியில் தள்ளிவிட்டு ஸ்டெப்னியை உருவிக்கொள்ளலாம்.

அப்புறம், இனிமேல் சிக்காமல் வைப்பது. நீங்கள் உப்புத் தண்ணீரில் ஓட்டுவதால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை டயரை முழுசாகத் தரைக்கு இறக்குங்கள் என்பேன். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் ஒரு தடவை, முடிந்ததும் ஒரு தடவை கண்டிப்பாக. வண்டி வெள்ளத்தில் நின்றிருந்தால் அந்த வாரமே இறக்கிவிடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு நின்ற தண்ணீரை வடசென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் போனதா என்று எல்லோரும் பார்ப்பார்கள், ஸ்டெப்னி வின்ச்சுக்குள் சேறு போனதை யாரும் பார்ப்பதில்லை.

இறக்கியதும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். சர்வீஸ் ஸ்டேஷனில் அடிக்கிற பிரஷர் தண்ணீரை வின்ச் மேல் நேராகப் பாய்ச்சினால் இருக்கிற கிரீஸும் போய் உப்பு உள்ளே ஏறும். சாதாரண குழாய்த் தண்ணீர் போதும். கேபிளைக் கடைசி வரை அவிழ்த்துப் பாருங்கள். கம்பி இழை ஒன்றிரண்டு அறுந்து முள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. அந்த இழைதான் உருளையில் சுற்றிக்கொண்டு அடுத்த தடவை சிக்கும். கையுறை இல்லாமல் கேபிளைத் தடவிப் பார்க்காதீர்கள்.

கேபிளுக்குக் கெட்டியான கிரீஸை அப்புவது பலர் செய்கிற வேலை. வெளியில் பளபளவென்று இருக்கும், உள்ளே இழைகளுக்கு நடுவில் எதுவும் போகாது. மேலே இருக்கும் கிரீஸில் தூசியும் சாம்பலும் ஒட்டிக்கொள்ளும். காய்ந்த கேபிளில் முதலில் மெல்லிய எண்ணெய் விட்டு ஊற வையுங்கள். அதற்கு மேல் வேண்டுமானால் லேசாக கிரீஸ் பூசலாம். பல் சக்கரத்துக்கும் தண்டுக்கும் கிரீஸ் வேண்டும். நட்டு போல்ட் சட்டம் உள்ள வண்டியில் அந்தப் போல்ட்டின் மரையில் கிரீஸ் தடவலாம். ஆனால் சக்கரத்தை வண்டியில் பிடிக்கும் வீல் ஸ்டட்டுகளில் கிரீஸ் தடவக் கூடாது. நட்டு அளவுக்கு மீறி ஏறி, ஸ்டட் இழுபட்டு நீளும். ரெண்டும் வேறு வேறு.

டிஸ்கின் நடு ஓட்டையையும் தகட்டையும் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, கறுப்பு பெயின்ட் பூசிக் காயவிடுங்கள். தகடு உட்காரும் இடத்தில் மட்டும் மெல்லிசாக கிரீஸ். ஒட்டிப்போகும் வியாதிக்கு இதுதான் முழு மருந்து. டியூப்லெஸ் டயர் என்றால் டயரின் உதடு டிஸ்கில் உட்காரும் விளிம்பையும் பாருங்கள், அங்கே துரு ஏறினால் பஞ்சரே இல்லாமல் காற்று மெதுவாக இறங்கிக்கொண்டே இருக்கும்.

மீன் தண்ணீர் மேலே விழாமல் தடுக்க செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. பாடியில் தண்ணீர் வெளியேற ஒரே ஓட்டையாக விட்டு, அதில் ரப்பர் ஹோஸ் மாட்டி, ஸ்டெப்னிக்கு அந்தப் பக்கமாகக் கீழே விடுங்கள். ரோட்டில் மீன் தண்ணீர் ஒழுகுவது பின்னால் வரும் பைக்காரருக்கும் ஆபத்து, ஹோஸை ஒரு கேனில் விட்டு வைத்தால் அதுவும் தீர்ந்தது. பாடிக்கும் ஸ்டெப்னிக்கும் நடுவில் பழைய கன்வேயர் பெல்ட் துண்டை மறைப்பாகக் கட்டலாம். டயருக்குக் கீழ்ப்பக்கம் தகரம் அடித்து மூடுகிற யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சேறு அதற்குள் தேங்கி நிற்கும்.

காற்று. அடியில் தொங்கும் டயரில் காற்று பார்ப்பவர் யாரும் இல்லை. வால்வு மேலே திரும்பியிருந்தால் பார்க்கவும் முடியாது. புத்தகத்தில் எந்தப் பக்கம் திருப்பி மாட்டச் சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். வால்வு கீழே வரும்படி மாட்டலாம் என்றால் அப்படியே மாட்டுங்கள். மேல்பக்கம்தான் வரும் என்றால் வால்வில் நீட்டிப்புக் குழாய் ஒன்று போட்டுப் பக்கவாட்டில் கட்டிவிடலாம். எந்தக் கோளாறும் இல்லாத டயரிலேயே மாதத்துக்கு ஒன்று இரண்டு பி.எஸ்.ஐ. குறையும். ஒரு வருஷம் பார்க்காத ஸ்டெப்னியில் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று நீங்களே கணக்குப் போடலாம். லோடு வண்டிகளில் பின் டயருக்கு முன் டயரைவிட அதிகக் காற்று வேண்டும். அதனால் ஸ்டெப்னியில் பின் டயர் அளவுக்கும் கொஞ்சம் மேலேயே, டயர் பக்கவாட்டில் போட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டாமல், அடித்து வையுங்கள். முன்னால் மாட்ட நேர்ந்தால் இறக்கிக்கொள்ளலாம். ரோட்டில் காற்றைக் குறைப்பது சுலபம், ஏற்றுவதற்குத்தான் கம்ப்ரசர் தேட வேண்டும். வால்வுக்குப் பளபளக்கும் மலிவான உலோக மூடியைவிட பிளாஸ்டிக் மூடி நல்லது. உலோக மூடி உப்பில் பிடித்துக்கொண்டு, திருகும்போது வால்வையே பிய்த்துக்கொண்டு வரும்.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு எண்கள்தான் கணக்கு. 3521 என்றிருந்தால் 2021-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம் செய்தது. ஓடவே ஓடாத டயருக்கும் வயதாகும். ரோட்டில் படும் பட்டன் புதுசாகவே இருக்கும், பக்கவாட்டில் மயிரிழை வெடிப்பு விட்டிருக்கும். பல டயர் கம்பெனிகள் பத்து ஆண்டைக் கடைசி எல்லையாகச் சொல்கின்றன. லோடு வண்டிக்கு அவ்வளவு தூரம் காத்திருக்க வேண்டாம், ஐந்து ஆண்டு தாண்டியதும் ஒவ்வொரு தடவை இறக்கும்போதும் வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். ஸ்டெப்னியும் அதே அளவு, அதே வகை டயர் என்றால், டயர்களை இடம் மாற்றிப் போடும்போது அதையும் சுற்றில் சேர்த்துக்கொள்வது ரொம்ப நல்ல பழக்கம். தேய்மானம் சமமாகும், வின்ச்சும் தானாகவே அடிக்கடி இறங்கி ஏறும்.

திருட்டு பயத்தில் சங்கிலி போட்டுப் பூட்டுகிறவர்கள் இந்தப் பக்கம் நிறைய. ராத்திரி வண்டியை ரோட்டோரம் விடுகிறவர் பூட்டத்தான் வேண்டும், வேறு வழியில்லை. ஆனால் பூட்டு துருப்பிடித்து, பஞ்சர் அன்றைக்குச் சாவி திரும்பாமல் நின்ற கதைகளும் நிறைய. பித்தளைப் பூட்டாக வாங்குங்கள். சாவித் துவாரம் கீழ்ப்பக்கம் பார்த்து, வண்டிக்கு அடியில் படுக்காமல் பக்கத்திலிருந்தே கை எட்டும் இடத்தில் மாட்டுங்கள். டயரை இறக்கும் நாளில் பூட்டுக்கும் இரண்டு சொட்டு எண்ணெய்.

டயரைத் திரும்ப ஏற்றும்போது அவசரம் கூடாது. தகடு டிஸ்க் ஓட்டையில் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று, டயர் கொஞ்சம் மேலே எழும்பியதும் நிறுத்திப் பாருங்கள். சாய்ந்து உட்கார்ந்திருந்தால் ஓடும்போது நழுவும். மேலே போய் முட்டியதும் பல வின்ச்சுகளில் டக் டக் என்று சத்தம் வந்து ராடு வழுக்கும், அதுதான் போதும் என்பதற்கு அடையாளம். அந்த வசதி இல்லாத வண்டியில் இறுகும் வரை சுற்றிவிட்டு, டயரைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடக் கூடாது. ஆடுகிற டயர் ஒவ்வொரு பள்ளத்திலும் கேபிளை இழுத்து இழுத்து அறுக்கும். ஓட்டத்துக்குப் போய்விட்டு வந்த பிறகு ஒரு தடவை திரும்ப ஆட்டிப் பாருங்கள். வண்டியில் மாட்டிய சக்கரத்தின் நட்டுகளையும் ஐம்பது, நூறு கிலோமீட்டருக்குள் இன்னொரு தடவை இறுக்கிவிட வேண்டும்.

உங்களுக்கு நெம்பி இறக்கியிருக்கிறார்கள் என்பதால் வின்ச்சின் பல்லோ தாங்கியோ அடிபட்டிருக்க வாய்ப்பு அதிகம். அதைப் பார்க்காமல் பஞ்சர் ஒட்டிய டயரை அதிலேயே தொங்க விடாதீர்கள், அதுவரை டயர் பாடிக்குள் கட்டிக் கிடக்கட்டும். புதுசு வாங்க முடிந்தால் நல்லது. புதுப்பேட்டையில் பழைய வின்ச் எடுக்கப் போகிறீர்கள் என்றால் உங்கள் ராடைக் கையோடு கொண்டுபோங்கள், மாடலுக்கு மாடல் முனை மாறும். அங்கேயே ராடை மாட்டி, கேபிளைக் கடைசி வரை அவிழ்த்து, திரும்ப முழுசாகச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். உருளையோடு ஒட்டியிருக்கும் கடைசி இரண்டு சுற்றில்தான் துரு ஒளிந்திருக்கும், அதுவரை அவிழ்க்க விடாத கடையில் வாங்க வேண்டாம்.